சின்னப் பெடல்போர்டுக்கு எந்த டியூனர்?

கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள்தான் பெடல்கள். மற்ற பெடல்களைக் காதால் கேட்டு வாங்கலாம். சுருதி பார்க்கும் டியூனரை வாங்கும்போது மட்டும் அளவுகோலை எடுக்க வேண்டியிருக்கிறது.

பெடல்களைப் பொருத்திவைக்க என்னிடம் இருப்பது பெடல்டிரெயின் நானோ என்ற பலகை. அகலம் 14 அங்குலம், ஆழம் ஐந்தரை அங்குலம், சுமார் 35.6 சென்டிமீட்டருக்கு 14 சென்டிமீட்டர். அதில் ஏற்கெனவே மூன்று பெடல்கள் இருந்தன. மூன்றுமே பாஸ் நிறுவனத்தின் வழக்கமான அளவு: அகலம் 73 மில்லிமீட்டர், நீளம் 129. நான்காவதாக ஒரு டியூனர் வர வேண்டும். நான்கையும் அதே அளவில் வைத்தால் பெடல்களுக்கு மட்டும் 29.2 செ.மீ. வேண்டும். பெடலுக்குப் பெடல் நடுவே கேபிள் முனைகள் நுழைய இரண்டரை சென்டிமீட்டராவது விட வேண்டும். மூன்று இடைவெளிக்கு 7.5. ஆக மொத்தம் 36.7. இரண்டு ஓரங்களிலும் செருகும் கேபிள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டாலும் ஒரு சென்டிமீட்டர் இடிக்கிறது. டியூனரை மட்டும் 45 மி.மீ. அகலமுள்ள மினி பெடலாக மாற்றினால் 33.9. உட்கார்ந்துவிடுகிறது.

இந்த ஒரு சென்டிமீட்டரில்தான் என் தேடல் தொடங்கியது. உங்கள் போர்டையும் முதலில் அளந்துவிடுங்கள். அளக்கும்போது பெடலின் உடம்பை மட்டும் அளக்காதீர்கள். இருபுறமும் செருகிய கேபிள் முனையோடு சேர்த்து அளக்க வேண்டும். மினி பெடல் என்று வாங்கிவிட்டு, பருத்த முனையுள்ள கேபிளை இருபுறமும் செருகினால் மிச்சப்படுத்திய இடமெல்லாம் கேபிளுக்கே போய்விடும். தட்டையான முனையுள்ள சின்னக் கேபிள்கள் இந்த இடத்தில் டியூனரைவிட அதிக இடத்தை மிச்சப்படுத்தித் தரும். ஜாக்குகள் பெடலின் தலைப்பக்கம் அமைந்திருந்தால் இன்னும் நல்லது, பக்கத்துப் பெடலோடு ஒட்டியே வைக்கலாம்.

டியூனர் என்ன செய்ய வேண்டும்

மேடையில் அதற்கு இரண்டு வேலை. காலால் அழுத்தியதும் கிட்டாரின் சத்தத்தை அடக்க வேண்டும். குனிந்து பார்த்ததும் எந்தத் தந்தி எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

விளம்பரங்கள் இரண்டாவதைப் பற்றியே பேசுகின்றன. எனக்கோ நாளாக நாளாக முதல் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. கிட்டாரை மாற்றும்போதும், கேபிளைப் பிடுங்கும்போதும், பாடகர் பேசிக்கொண்டிருக்கும்போது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பின் இரைச்சல் பின்னால் ஓடாமல் இருக்கவும் அந்த ஒற்றைச் சுவிட்சைத்தான் அழுத்துகிறேன். ஒரு நிகழ்ச்சியில் சுருதி பார்க்க ஐந்தாறு முறை அழுத்தினால், சத்தத்தை அடக்க மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு அழுத்துகிறேன். ஆகவே நம்பகமான டியூனர் என்றால் முதலில் நம்பகமான சுவிட்ச் என்று அர்த்தம்.

அடுத்தது வெளிச்சம். இருட்டில் எல்லா டியூனரும் அழகாகத்தான் தெரியும். திறந்தவெளியில் நடுப்பகல் வெயிலில், அல்லது மேடை விளக்கு நேரே போர்டின்மேல் விழும்போது, நின்ற நிலையிலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் திரை தெரிகிறதா என்பதே கேள்வி. மினி பெடலில் திரையும் மினிதான். கண்ணாடி அணிகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவதாக, அணைந்திருக்கும்போது அது உங்கள் ஒலியை என்ன செய்கிறது என்பது. இதைப் பிறகு பேசுகிறேன், நீளமான விஷயம்.

தசமப் புள்ளிகளின் போட்டி

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடிக்கப்படும் எண்ணைப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். ஒன்றில் ±1 சென்ட், இன்னொன்றில் ±0.1, வேறொன்றில் ±0.02. கடைசியில் இருப்பது முதலாவதைவிட ஐம்பது மடங்கு மேல் என்று தோன்றும்.

அரைச்சுர இடைவெளியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அங்கே ஒரு சென்ட் என்பது 0.05 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஒரு சென்ட் வித்தியாசத்தில் இரண்டு ஈ தந்திகளைச் சேர்ந்து மீட்டினால், அடிப்படை அதிர்வில் ஒலி ஒருமுறை எழுந்து தாழ்வதற்கு இருபது வினாடிக்கு மேல் ஆகும். எந்தப் பாட்டில் அவ்வளவு நேரம் ஒரே சுரத்தில் நிற்கப் போகிறோம்?

அதைவிட, தந்தியே அவ்வளவு ஒழுங்கானது அல்ல. வேகமாக மீட்டியதும் சுருதி சற்று ஏறித் தொடங்கி, அதிர்வு குறையக் குறைய இறங்கி நிலைக்கு வரும். தடித்த தந்தியில் இந்த ஏற்றம் பல சென்ட் இருக்கும். ஃப்ரெட்டில் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் இன்னும் சில சென்ட் போய்விடும். இப்படி ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை ஐம்பதில் ஒரு சென்ட் துல்லியத்தில் அளந்து என்ன செய்வது? வாசிக்கும் அதே வேகத்தில் மீட்டி, முதல் அரை வினாடியை விட்டுவிட்டு, அதன்பின் திரை காட்டுவதை எடுத்துக்கொள்வதே மேல்.

வீட்டில் உட்கார்ந்து கிட்டாரின் இன்டொனேஷனை, அதாவது கழுத்து நெடுகச் சுருதி சரியாக நிற்கிறதா என்பதை, சரிபார்க்கும்போது இந்தத் துல்லியத்துக்கு மதிப்பு உண்டு. திறந்த தந்தியையும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டையும் ஒப்பிட்டுப் பிரிட்ஜ் சேணத்தை முன்பின் நகர்த்தும் அந்த வேலைக்கு, ஓடும் பட்டைகளால் சுருதி காட்டும் ஸ்ட்ரோப் வகை டியூனர் மிகவும் உதவும். ஆனால் அந்த வேலைக்காக மேடைப் பெடலை வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. டியூனர் வழக்கமாகக் காட்டுவது சமப் பகுப்புச் சுருதி, அதாவது எல்லா அரைச்சுரங்களும் ஒரே அளவு. அதில் மேஜர் மூன்றாம் இடைவெளி சரியாக 400 சென்ட். காதுக்கு இதமான இயல்பு இடைவெளியோ 386 சென்ட் அளவுதான். ஆறு தந்தியும் பச்சை விளக்கில் நிற்கும்போது ஈ மேஜர் கார்டைப் பிடித்தால், மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வரும் ஜி ஷார்ப் சற்றே கூர்மையாகக் குத்தும். ‘டியூனர் பொய் சொல்கிறது’ என்று ஜி தந்தியை இறக்குவோம். அடுத்து சி மேஜர் பிடித்தால் திறந்த ஜி தாழ்ந்து ஒலிக்கும். டியூனர் பொய் சொல்லவில்லை, கிட்டாரின் அமைப்பே ஒரு சமரசம். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர் தம் கிட்டாரின் ஆறு தந்திகளையும் வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கிச் சேர்க்கிறார்: தடித்த ஈ தந்தியை 12 சென்ட், மெல்லிய ஈ தந்தியை 3 சென்ட். கழுத்தில் தந்திகளை அழுத்திக் கவ்வும் காப்போவும் மீட்டும் வேகமும் சேர்ந்து சுருதியை ஏற்றிவிடும் என்பதை முன்கூட்டியே கழித்துவிடுகிற கணக்கு அது. 0.02 சென்டுக்காகச் சண்டை போடுகிறவர்கள் இந்த 12 சென்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

களத்தில் இருப்பவை

பாஸ் டியூ-3. 1998-இல் வந்த டியூ-2-இன் வாரிசு, 2010-இலிருந்து இருக்கிறது. இருபத்தொரு விளக்குகள் கொண்ட வரிசை, நடுவில் நின்றால் சரி. வெயிலுக்கென்று வெளிச்சத்தைக் கூட்டும் தனி நிலை உண்டு. அறிவிக்கப்பட்ட துல்லியம் ±1 சென்ட், அதாவது தசமப் போட்டியில் கடைசி. அப்படியிருந்தும் எத்தனையோ தொழில்முறைக் கலைஞர்களின் காலடியில் இன்றும் அதுதான் கிடக்கிறது. காரணம் அந்த மிதிபலகை. பெடலின் கீழ்ப்பாதி முழுவதுமே சுவிட்ச். பாதணியின் எந்த மூலை பட்டாலும் வேலை செய்யும். இருட்டில் தேட வேண்டியதில்லை. ஒன்பது வோல்ட் பேட்டரியிலும் ஓடும். பக்கத்தில் உள்ள பெடல்களுக்கு மின்சாரம் பகிர்ந்து தரும் வெளியீடும் உண்டு. தனியாகப் பவர் சப்ளை வைக்க இடமில்லாத சின்னப் போர்டுக்கு இது பெரிய உதவி. இரண்டு வெளியீட்டு ஜாக்குகள் இருக்கின்றன: ஒன்றில் இணைத்தால் சுருதி பார்க்கும்போது சத்தம் அடங்கும், பைபாஸ் என்று எழுதியிருப்பதில் இணைத்தால் அடங்காது. புதிதாக வாங்கியவர்கள் தவறான ஜாக்கில் செருகிவிட்டு ‘மியூட் ஆகவில்லை’ என்று பெடலைத் திட்டுவது அடிக்கடி நடப்பதுதான்.

குறை, அளவு. நான் மேலே போட்ட கணக்கில் வெளியே தள்ளப்பட்டது இதுதான். 14 செ.மீ. ஆழமுள்ள போர்டில் 12.9 செ.மீ. நீளப் பெடல் விளிம்புக்கு விளிம்பு நிற்கும்.

டிசி எலக்ட்ரானிக் பாலிடியூன் 3 மினி. 2010-இல் முதல் பாலிடியூன் வந்தபோது எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரே விஷயம்: ஆறு தந்திகளையும் ஒரே வீச்சில் மீட்டினால் ஆறின் நிலையையும் ஒருசேரக் காட்டியது. வித்தை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது, இதன் பயன் சுருதி சேர்ப்பதில் அவ்வளவு இல்லை, சேர்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. ஒரு வீச்சு, ஒரு பார்வை. ஐந்து பச்சை, ஒன்று சிவப்பு. அந்த ஒரு தந்தியை மட்டும் தனியாக மீட்டினால் தானே ஒற்றைத் தந்தி நிலைக்கு மாறிவிடும். மிதக்கும் (ஸ்பிரிங்கில் நிற்கும்) பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் இதற்கு இரட்டைப் பயன்: ஒரு தந்தியை முறுக்கினால் மற்ற ஐந்தும் அசையும் அல்லவா, அந்த அசைவு முழுவதும் கண்முன் தெரியும். சுற்றுப்புற வெளிச்சத்துக்கேற்பத் திரையின் பிரகாசத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். ஸ்ட்ரோப் நிலையில் ±0.02 சென்ட். ட்ரூ பைபாஸ் வேண்டுமா, பஃபர் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு (இவை என்ன என்று பின்னால் சொல்கிறேன்).

மினியில் பேட்டரி கிடையாது; அடாப்டர்தான். வட்டச் சுவிட்ச் சிறியது, பக்கத்துப் பெடலின் திருகியோடு ஒட்டி வைத்தால் சுருதி பார்க்கப் போய் எதிரொலி தரும் டிலேயின் நேரத்தை மாற்றிவிடுவீர்கள். வழக்கத்துக்கு மாறான சுருதி அமைப்புகளில் வாசிக்கிறவர்களுக்கு ஒரே வீச்சு வித்தை முழுதாக உதவாது. அது அறிந்துவைத்திருக்கும் அமைப்புகளுக்குள் மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும். ஒற்றைத் தந்தி நிலை அதற்கும் உண்டு என்பதால் இது பெரிய இழப்பில்லை.

கோர்க் பிட்ச்பிளாக் எக்ஸ் மினி. 1975-இல் முள் அசையும் கைக்கடக்கமான மின்னணு டியூனரை முதலில் கொண்டுவந்த நிறுவனம் கோர்க். அந்த அனுபவம் திரையில் தெரிகிறது: பளிச்சென்று, குழப்பமில்லாமல். ட்ரூ பைபாஸ். ஒரே வீச்சு வித்தை கிடையாது. தந்தி தந்தியாகச் சேர்த்துப் பழகியவர், பெடலிடம் அதற்குமேல் எதுவும் கேட்காதவர் என்றால் பாலிடியூன் மினிக்குப் பதில் இதையே வாங்கலாம். எனக்கு இதைப் பற்றி மேலும் சொல்ல எதுவும் இல்லை, அதுவே இதற்கு ஒரு பாராட்டு.

பீட்டர்சன் ஸ்ட்ரோபோஸ்டாம்ப் எச்டி. சுழலும் வட்டும் மினுக்கும் விளக்கும் கொண்ட ஸ்ட்ரோப் முறை 1936-இல் வந்த ஸ்ட்ரோபோகான் கருவியில் தொடங்கியது. பீட்டர்சன் நிறுவனம் பல பத்தாண்டுகளாக அந்த மரபில் நிற்கிறது. இந்தப் பெடலில் பெரிய திரை. பட்டைகள் ஒரு திசையில் ஓடினால் சுருதி ஏறியிருக்கிறது, எதிர்த்திசையில் ஓடினால் இறங்கியிருக்கிறது, நின்றுவிட்டால் சுருதி சேர்ந்துவிட்டது. ±0.1 சென்ட். ஆனால் இதை வாங்குவதற்கு உண்மையான காரணம் துல்லியம் அல்ல. அதில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட சரிக்கட்டிய சுருதி அமைப்புகள். மேலே சொன்ன ஜி ஷார்ப் குத்தலையும், டெய்லர் கழித்த 12 சென்ட் போன்ற கணக்குகளையும் தந்திவாரியாக முன்பே உள்ளே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர்களும், அக்கூஸ்டிக் கிட்டாரைத் தனியாக வாசிக்கிறவர்களும் வித்தியாசத்தை உணர்வார்கள். டிரம்மும் டிஸ்டார்ஷனும் சேர்ந்து முழங்கும் குழுவில் அதைக் கேட்க யாருக்கும் காது மிச்சமிருக்காது.

நானோ அளவுப் போர்டுக்கு எச்டி பெரியது. இதே குடும்பத்தில் மினி ஒன்று இருக்கிறது என்பதால் ஸ்ட்ரோப் பிரியர்கள் மனம் தளர வேண்டாம். ஆனால் ஓடும் பட்டைகளைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும். முதல் வாரத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அணைந்திருக்கும்போது

டியூனர் நாளில் பெரும்பகுதி அணைந்துதான் இருக்கிறது, அப்போதும் கிட்டாரின் ஒலி அதன் வழியாகத்தான் போகிறது. ஆகவே டியூனர் தேர்வு என்பது பாதி பைபாஸ் தேர்வு.

ட்ரூ பைபாஸ் என்றால் அணைந்திருக்கும்போது உள்ளே வந்த ஒலி நேரே வெளியே போகிறது, நடுவில் எந்த மின்சுற்றும் இல்லை. பஃபர் என்றால் ஒரு சின்ன மின்சுற்று எப்போதும் நடுவில் நின்று, கிட்டாரிடமிருந்து வலுவில்லாத ஒலியை வாங்கி, நீண்ட கேபிளைத் தள்ளிக்கொண்டு போகும் வலுவோடு அனுப்புகிறது.

‘ட்ரூ’ என்ற சொல்லே பாதிப் பேரை மயக்கிவிடுகிறது. கேபிளைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் மயக்கம் தெளியும். சாதாரண கிட்டார் கேபிளின் மின்தேக்கம் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபேரட். கிட்டாரிலிருந்து போர்டுக்கு ஐந்து மீட்டர், போர்டிலிருந்து ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) ஆறு மீட்டர் என்று வைத்தால் 1100. எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாகி எல்லாமே அணைந்திருந்தால், கிட்டாரின் பிக்அப் இந்த 1100-ஐயும் தனியாகச் சுமக்க வேண்டும். மேல் அதிர்வெண்கள் மங்கும். கிட்டார்மேல் போர்வை போர்த்தியதுபோல் இருக்கும். முதலில் ஒரு பஃபர் இருந்தால் பிக்அப் சுமப்பது முதல் ஐந்து மீட்டரை மட்டுமே.

அப்படியானால் எல்லோரும் பஃபர் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஒலியைக் கரடுமுரடாக்கும் ஃபஸ் பெடல் இல்லாதவரை, ஆமாம். ஃபஸ் ஃபேஸ் வகையைச் சேர்ந்த பழைய பாணிச் சுற்றுகள் கிட்டார் பிக்அப்போடு நேரடியாகப் பேசிப் பழகியவை. நடுவில் பஃபர் புகுந்தால் கிட்டாரின் வால்யூமைக் குறைத்ததும் ஒலி தெளியும் அந்த அழகு போய்விடும், குரலும் கரகரத்துவிடும். ஆகவே ஃபஸ் முதலில் இருக்கும் போர்டில் டியூனர் அதற்கு முன்னால் வந்தால் ட்ரூ பைபாஸ். அல்லது ஃபஸ்ஸை முதலில் வைத்துப் பஃபர் டியூனரை அதற்குப் பின்னால் வைக்கலாம். பின்னால் வைத்தால் சுருதி பார்க்கும்போது ஃபஸ்ஸை அணைக்க மறக்கக் கூடாது, ஃபஸ்ஸின் வெளியீட்டைப் பார்த்து எந்த டியூனரும் தடுமாறும்.

இரண்டையும் தேர்ந்தெடுக்க வழி உள்ள பெடலை நான் விரும்புவது இதனால்தான். போர்டு மாறிக்கொண்டே இருக்கும். இன்று ஃபஸ் இல்லை, ஆறு மாதத்தில் ஆசை வரும். டியூ-3 எப்போதும் பஃபர். அதன் உயர்வகையான டியூ-3டபிள்யூவில்தான் மாற்றிக்கொள்ளலாம்.

நம்பகத்தன்மை என்று பார்த்தால் இங்கே யாரும் சொல்லாத ஒரு வேறுபாடு உண்டு. ஒருமுறை பாட்டு நடுவில் என் கிட்டார் திடீரென்று ஊமையாகிவிட்டது. ஆம்பைப் பார்த்தேன், கேபிளை ஆட்டினேன், கிட்டாரின் ஜாக்கைத் திருகினேன். பாட்டு முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது: டியூனருக்குப் போகும் மின்கம்பி பாதி கழன்றிருந்தது. சரியாகச் செருகாதது நான்தான், பெடலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பஃபர் பெடல். மின்சாரம் போனால் பஃபரும் போகிறது, பஃபர் போனால் அதன் வழியே போகும் ஒலியும் போகிறது. சாதாரண உலோகச் சுவிட்ச் வைத்த ட்ரூ பைபாஸ் பெடலில் மின்சாரம் போனாலும் அணைந்த நிலையில் ஒலி கடந்து போய்க்கொண்டே இருக்கும். அன்றுமுதல் மின்கம்பிகளைப் போர்டின் அடியில் கட்டிவைக்கிறேன். பஃபர் வாங்குகிறவர் அந்தப் பட்டைக் கட்டுகளையும் சேர்த்து வாங்கிவிடட்டும்.

ட்ரூ பைபாஸ் சுவிட்சுக்கும் வேறு நோய் உண்டு. ஆயிரக்கணக்கான மிதிகளுக்குப் பிறகு உள்ளே தொடர்பு தேய்ந்து, அழுத்தும்போது ‘டப்’ என்று அதிரும், சில நேரம் ஒலி வராது. பழைய பெடலை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இருபது முப்பது முறை அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும்.

மின்சாரம் பற்றி இன்னும் ஒரு வரி. டியூனர் என்பது உள்ளே எண்முறையில் ஓடும் சின்னக் கணினி. ஒரே கம்பியிலிருந்து எல்லாப் பெடலுக்கும் கிளை பிரித்து மின்சாரம் கொடுத்தால், டிஸ்டார்ஷன் பெடலில் மெல்லிய ‘கீ’ என்ற ரீங்காரம் கேட்கலாம். டியூனருக்கு மட்டும் தனி வெளியீடு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வாங்கும் அடாப்டர் ஒன்பது வோல்ட், நடுமுனை எதிர்மின் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெடலே வேண்டாமென்றால்

கிட்டாரின் தலையில் கவ்வும் கிளிப் டியூனர், மரத்தின் அதிர்வைக் கொண்டு சுருதி பார்க்கிறது. போர்டில் இடமே எடுப்பதில்லை. பயிற்சிக்கு அது போதும். மேடையில் இரண்டு குறை: சத்தத்தை அடக்காது, பக்கத்தில் பேஸ் கிட்டாரும் டிரம்மும் முழங்கும்போது அந்த அதிர்வும் மரத்தில் ஏறி முள்ளை ஆட்டும். ஆனால் பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நான் வைத்திருக்கிறேன்.

லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற பல்பயன் கருவி ஏற்கெனவே போர்டில் இருந்தால் தனி டியூனர் வீண். சுவிட்சைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் டியூனர் வந்துவிடும். அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பது மட்டுமே அதன் குறை. அவசரத்தில் அந்த ஒரு வினாடி நீளமாகத் தெரியும்.

வால்யூம் பெடல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி. எர்னி பால் நிறுவனம் திரையுள்ள டியூனரையே வால்யூம் பெடலுக்குள் அமைத்து ஒன்றை விற்கிறது. இரண்டு பெடல் வேலையை ஒன்று செய்கிறது, ஆனால் அந்த ஒன்றே நானோவின் கால்வாசிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே வால்யூம் பெடல் இன்றியமையாதது என்றால் மட்டும் இதைப் பாருங்கள். சாதாரண வால்யூம் பெடலில் இருக்கும் டியூனர் வெளியீட்டில் எதையாவது இணைத்துவிட்டால் ஒலி மங்குவதாகப் பலர் புலம்புவதில் உண்மை இருக்கிறது. கூடுதல் கேபிளும் கூடுதல் சுமையும் பிக்அப்பின் தலையில்தான் விழுகின்றன. முன்னால் பஃபர் இருந்தால் அந்தப் புலம்பல் இல்லை.

என் தேர்வு

நானோ அளவுப் போர்டு, மூன்று நான்கு பெடல்கள், குழுவோடு மேடையில் வாசிப்பு என்றால் பாலிடியூன் 3 மினி. ஒரே வீச்சு வித்தைக்காக இல்லாவிட்டாலும், பஃபரை இயக்கவும் அணைக்கவும் முடிகிறது என்பதற்காக. ஃபஸ் கிடையாது என்று உறுதியாக இருப்பவர், போர்டில் கேபிள் இடைவெளி போக ஏழரை சென்டிமீட்டர் மிச்சமுள்ளவர் டியூ-3-ஐ வாங்கட்டும். மிதிபலகையின் நிம்மதி அதில் மட்டுமே. தனியாக அக்கூஸ்டிக் வாசிப்பவருக்குப் பீட்டர்சன்.

பேஸ் கிட்டார்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐந்து தந்தி பேஸின் தாழ்ந்த பி தந்தி 30.87 ஹெர்ட்ஸ். வாங்கும் முன் அதை மீட்டிப் பாருங்கள்; திரை அலையாமல் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். தடுமாறினால் கழுத்துப் பக்கப் பிக்அப்புக்கு மாறி, டோனைக் குறைத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் எடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் தடுமாறினால் அது உங்களுக்கான பெடல் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பீட்டு அளவு. வழக்கமாக ஏ = 440 ஹெர்ட்ஸில் இருக்கும். முன்பே 442-இல் சேர்த்துவைத்த பியானோவோடு வாசிக்க யாராவது மாற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தால், எல்லாப் பச்சை விளக்கும் எரியும், எட்டு சென்ட் அளவுக்கு மேலேறி வாசித்துக்கொண்டிருப்பீர்கள். மினி பெடல்களில் இதை மாற்றும் பொத்தான் சுண்டுவிரல் நகம் அளவுதான். அது தவறுதலாக அழுந்திவிடாத பக்கமாகப் பெடலைத் திருப்பி ஒட்டிக்கொள்ளுங்கள்.